அரை டன் வண்டியில் எத்தனை டன்? ஒரு கதவு ஸ்டிக்கரின் வரலாறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் கல்லூரித் தோழன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கே சனிக்கிழமை இரவு.

"மச்சி, டிரக் கேம்பர் ஒண்ணு வாங்கப் போறேன்டா. நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். கேம்பர் வெயிட் 1,450 பவுண்டு. என் வண்டிக் கதவுல 1,640 பவுண்டு ஏத்தலாம்னு போட்டிருக்கு. 190 பவுண்டு மிச்சம். 'அரை டன் வண்டிக்குன்னே செஞ்ச கேம்பர்'னு கடைக்காரரும் சொல்றார். சரிதானே?"

"நீ எத்தனை பவுண்டுடா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானும் அந்தக் கணக்குல வருவேனா?"

வருவான். அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், தண்ணீர், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாமே வரும். அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். வண்டியின் பெயர் 'அரை டன்' என்கிறது, அதாவது 1,000 பவுண்டு. கதவு 1,640 என்கிறது. கடைக்காரரின் விளம்பரத் தாள் 1,450 போதும் என்கிறது. ஒரே வண்டிக்கு மூன்று எண்கள் எப்படி வந்தன? அந்தத் தேடலில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கேம்பர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் தூக்கி வைத்துக் கட்டுகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். இழுத்துக்கொண்டு போகும் டிரெய்லரின் எடையில் பெரும்பகுதி அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்கும். கேம்பரின் எடை முழுக்க டிரக்கின் முதுகில்தான். அதனால் இங்கே 'எவ்வளவு இழுக்கும்' என்ற எண் உதவாது. 'எவ்வளவு சுமக்கும்' என்பதுதான் கேள்வி.

பெயரில் இருந்த டன்

ஒரு காலத்தில் டன் பெயர்கள் உண்மையைத்தான் சொல்லின. ஃபோர்டு 1917-இல் கொண்டுவந்த மாடல் டிடி ஒரு டன் சுமக்கும் டிரக். அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. 1925-இல் மாடல் டி காரின் பின்னால் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக விற்க ஆரம்பித்தார்கள். விவசாயிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை மூட்டை ஏற்றலாம்? பெயரே பதில் சொன்னது.

1948-இல் ஃபோர்டின் எஃப் வரிசை வந்தது. எஃப்-1 அரை டன், எஃப்-2 முக்கால் டன், எஃப்-3 இன்னும் கனமான முக்கால் டன். எஃப்-1-இன் அதிகபட்ச மொத்த எடை, அதாவது வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்த்து, 4,700 பவுண்டு. 1953-இல் எஃப்-1 என்பது எஃப்-100 ஆனது; எஃப்-2, எஃப்-3 இரண்டும் சேர்ந்து எஃப்-250 ஆயின.

அதற்குப் பிறகு இரும்பு, பிரேக், டயர் எல்லாம் மேம்பட்டுக்கொண்டே போயின. இன்றைய 'அரை டன்' வண்டிகளின் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு அளவில் நிற்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. நம்ம சாஃப்ட்வேர் உலகத்தில் ஒரு வேரியபிளுக்கு 'டெம்ப்' என்று பெயர் வைத்துவிட்டு, இருபது வருஷம் கழித்து அதில் மொத்தச் சம்பளக் கணக்கும் ஓடுகிற மாதிரி. பெயரைப் படித்து அர்த்தம் எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம்.

ஸ்டீன்பெக்கும் 150 பவுண்டு புத்தகமும்

உலகத்திலேயே பெயர்பெற்ற டிரக் கேம்பர் ஒன்று கலிபோர்னியாவின் சலீனாஸ் நகரில் ஒரு நினைவு மையத்தில் இருக்கிறது. எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960-இல் அமெரிக்காவைச் சுற்றிய வண்டி. ஜிஎம்சி முக்கால் டன் பிக்கப்பின் மேல் கப்பல் அறை மாதிரி ஒரு வீடு. டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரையே வண்டிக்கும் வைத்தார்: ரோசினான்டே. துணைக்கு சார்லி என்ற நாய். பயணக் கதை 1962-இல் புத்தகமாக வந்தது. நோபல் பரிசும் அதே வருஷம்தான்.

இலக்கிய வாசகர்கள் அந்தப் புத்தகத்தில் மனிதர்களைத் தேடுவார்கள். நான் இந்த முறை எடையைத் தேடினேன்! கருவிகள், உணவு டப்பாக்கள், எழுதுபொருள் போதாதென்று, என்றைக்காவது படிக்கலாம் என்று வைத்திருந்த புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு. தேவைக்கு மிக அதிகமாக ஏற்றியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். முக்கால் டன் என்பது பெயரளவில் 1,500 பவுண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு, படிக்காத புத்தகம். (என் அலமாரியைப் பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)

பலன், ஆரிகனில் ஒரு மழைநாள் ஞாயிற்றுக்கிழமை. பின்சக்கர டயர் வெடித்தது. சேற்றுத் தண்ணீரில் படுத்து மாற்றினார். இன்னொரு பின்டயரும் தாங்காத நிலை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் முதலாளி அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே இங்கே போன் போட்டு, கனமான டயர்களை வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். ஸ்டீன்பெக் இதை மனித நல்லெண்ணத்தின் கதையாகச் சொல்கிறார். அது உண்மைதான். கூடவே இது பின்ஆக்ஸிலின் கதையும்கூட. கேம்பர் எடை பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான் இறங்கும். முதலில் கதறுவதும் அவைதான்.

அன்றைக்கு அவரைத் தடுக்க வண்டியில் ஒரு எச்சரிக்கைத் தாள்கூட இருந்திருக்காது. கேம்பருக்கும் டிரக்குக்கும் பொருத்தம் பார்க்கச் சொல்லும் கூட்டாட்சி விதி எதுவும் அப்போது கிடையாது.

ஜாதகப் பொருத்தம் பார்த்த விதி

1960-களில் கேம்பர் மோகம் பெருகியது. நிறுவனங்கள் 'கேம்பர் ஸ்பெஷல்' என்று தனி வகையே விற்றன. கனமான ஸ்பிரிங், பெரிய ரேடியேட்டர் எல்லாம் அதில் உண்டு. செவர்லே 'லாங்ஹார்ன்' என்று எட்டரை அடித் தொட்டி வைத்த வண்டியைக் கொண்டுவந்தது. 1973-இல் ஃபோர்டின் 'சூப்பர் கேம்பர் ஸ்பெஷல்' சக்கர இடைவெளியை 140 அங்குலமாக நீட்டியது.

ஏன் நீட்டினார்கள்? இங்கே எடையைவிட முக்கியமான ஒன்று வருகிறது: ஈர்ப்பு மையம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சக்கர இடைவெளி 140 அங்குலம், கேம்பர் 2,000 பவுண்டு. அதன் ஈர்ப்பு மையம் பின்ஆக்ஸிலுக்கு 10 அங்குலம் பின்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீசா பலகை மாதிரி, முன்சக்கரங்களிலிருந்து சுமார் 143 பவுண்டு தூக்கப்படும். பின்சக்கரங்களில் 2,000 அல்ல, 2,143 பவுண்டு விழும். ஸ்டீயரிங் இருப்பது முன்சக்கரத்தில். மலைப்பாதையில் மழை பெய்யும்போது அந்தப் பிடிமானம் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

1966-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் வரிசையாக எண் போட்ட தரநிலைகள் வந்தன. 1970-களின் தொடக்கத்தில் வந்த தரநிலை எண் 126 முழுக்க முழுக்க டிரக்கில் கேம்பர் ஏற்றுவதைப் பற்றியது. விதி இரண்டு பக்கமும் பேசுகிறது. கேம்பர் செய்பவர், தண்ணீரும் காஸும் நிரப்பிய நிலையில் அதிகபட்ச எடை எவ்வளவு என்று லேபிள் ஒட்ட வேண்டும். ஈர்ப்பு மையம் எங்கே என்று படத்தில் காட்ட வேண்டும், அதுவும் 2 அங்குலத் துல்லியத்தில். டிரக் செய்பவர், எவ்வளவு சுமை தாங்கும், அந்தச் சுமையின் ஈர்ப்பு மையம் தொட்டியில் எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஜாதகம் ஒன்று, பெண் வீட்டு ஜாதகம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிரக் நிறுவனம் இந்த விதிப்படி கொடுக்கும் சுமை எண், ஒவ்வொரு இருக்கைக்கும் 150 பவுண்டு கழித்த பிறகு வருவது. ஐந்து இருக்கை என்றால் 750 பவுண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஆனால் கதவில் இருக்கும் எண்ணில் ஆட்கள் கழிக்கப்படவில்லை. இரண்டையும் குழப்பினால் 750 பவுண்டு காற்றில் போகும்.

விதி இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நுகர்வோர் தகவல் விதிகளுக்கு இடம் மாறிவிட்டது. காலியான 126 என்ற எண்ணை 2007-இல் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய எரர் கோடுக்குப் புது அர்த்தம் கொடுக்கிற மாதிரி. பழைய ஆவணம் படிக்கிறவன் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வான். நான் பிய்த்துக்கொண்டேன்.

எண்ணை வளைத்த வேறு கைகள்

மொத்த எடை வரம்பு என்பது சுத்தமான பௌதிகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை.

1975-இல் ஃபோர்டு எஃப்-150 பிறந்த கதையைப் பாருங்கள். அப்போதைய மாசுக் கட்டுப்பாட்டு விதி 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளைப் பிடித்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லா பெட்ரோலும் தேவைப்பட்டன. எஃப்-100-க்கும் எஃப்-250-க்கும் நடுவில், 6,000-ஐக் கொஞ்சம் தாண்டிய ஒரு 'கனமான அரை டன்' வந்தது. விதி தொடாத எடை. செவர்லேயும் பின்னாலேயே 'பிக் 10' என்று கொண்டுவந்தது. இன்று கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரிந்த எஃப்-150 என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மாசு விதியின் எல்லைக்கோடு இருக்கிறது.

எதிர்த்திசையிலும் நடந்தது. அமெரிக்காவில் 10,001 பவுண்டிலிருந்து வணிக வாகன விதிகள் வேறு மாதிரி. அதனால் முக்கால் டன் வண்டிகள் பல வருஷங்கள் சரியாக 10,000-இல் நிறுத்தப்பட்டன. ஏறக்குறைய அதே உடம்பு கொண்ட ஒரு டன் வண்டிக்கு 11,000-க்கு மேல் கொடுத்தார்கள். கனமான டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்த்த முக்கால் டன் வண்டியில் 10,000-க்குள் மிஞ்சுவது பல நேரம் 2,500 பவுண்டுக்கும் கீழே. 'பெரிய வண்டி வாங்கிட்டேன், கவலை இல்லை' என்பவர்கள் அடி வாங்குவது இங்கேதான்.

அப்படியானால் ஸ்டிக்கர் எண்ணை மதிக்க வேண்டாமா? எனக்கும் அந்தச் சபலம் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த வண்டியில் எண் விதிக்காகக் குறைக்கப்பட்டது, எதில் பிரேக்குக்காகக் குறைக்கப்பட்டது என்பது ஸ்டிக்கரைப் பார்க்கும் நமக்குத் தெரியாது. காரணம் தெரியாத ஒரு வரம்பைத் தாண்டுவது, கமெண்ட் இல்லாத கோடை டெலீட் செய்வது மாதிரி. சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் புரொடக்‌ஷன் படுத்துவிடும்.

கதவில் அந்த வாக்கியம் வந்த கதை

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய டயர்கள். மேல்பட்டை உரிந்து வண்டி உருண்ட விபத்துகளில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். குறை டயரிலா, வண்டியிலா என்று இரண்டு நிறுவனங்களும் சண்டை போட்டுக்கொண்டன. காற்றழுத்தமும் சுமையும் அந்த விவாதத்தின் நடுவில் இருந்தன. அதே வருஷம் நவம்பரில் புதுச் சட்டம் வந்தது.

அதன் தொடர்ச்சியாக வந்த விதியால்தான், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற ஒற்றை வாக்கியம் ஓட்டுநர் கதவருகே ஒரே மாதிரி வடிவத்தில் ஒட்டப்படுகிறது. என் நண்பன் பார்த்த 1,640 அந்த வாக்கியத்தில் இருக்கும் எண். 'ஆட்களும்' என்ற சொல் அதிலேயே இருக்கிறது. அவன் எண்ணை மட்டும் படித்தான். நாமும் அப்படித்தானே லைசென்ஸ் ஒப்பந்தம் படிக்கிறோம்?

இந்த எண் அந்த மாடலுக்கான பொது எண் இல்லை, அந்த வண்டிக்கே உரியது. அதே மாடலில் கண்ணாடிக்கூரை, பெரிய சக்கரம் என்று கேட்டு வாங்கினால் அதற்கேற்பக் குறையும்.

நண்பனின் கணக்கு

அடுத்த வாரம் இருவரும் போனில் உட்கார்ந்து போட்ட கணக்கு, பவுண்டில்:

விளம்பரத் தாளில் இருந்த கேம்பர் எடை: 1,450
ஏசி, வெயில் மறைப்பு முதலிய கூடுதல் வசதிகள்: 150
தண்ணீர் 22 கேலன் (கேலனுக்கு 8.34): சுமார் 180
காஸ், சிலிண்டர், பேட்டரி: 100
கேம்பரைக் கட்டும் கொக்கிகள், தாங்கிகள்: 80
துணி, பாத்திரம், சாப்பாடு: 250
நான்கு பேர்: 470

மொத்தம் 2,680. அனுமதி 1,640. மீறல் 1,040 பவுண்டு, அதாவது சுமார் 470 கிலோ.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு 1948 எஃப்-1 ஞாபகம் வந்தது. அரை டன் வண்டியில் வரம்புக்கு மேல் இன்னொரு அரை டன்!

அவன் சும்மா விடவில்லை. "ஏர் பேக் போட்டா ஏத்தலாம்னு சொல்றாங்களேடா?"

பின்ஸ்பிரிங்கில் காற்றுப்பை வைத்தால் வண்டியின் பின்பக்கம் தொங்காமல் நேராக நிற்கும். ஆனால் ஆக்ஸில், பேரிங், சக்கர ரிம், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். மொத்த எடை வரம்பும் மாறாது. அலாரத்தை அணைத்தால் தீ அணையாது. டயரிலும் ஒரு விஷயம் உண்டு. அவன் வண்டியில் இருப்பது பயணியர் கார் வகை டயர். அதை டிரக்கில் மாட்டினால், டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் சுமையை 1.10-ஆல் வகுத்து வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். போதாதற்கு அவனுடையது ஐந்தரை அடித் தொட்டி. கேம்பரின் ஈர்ப்பு மையம் ஆக்ஸிலுக்கு முன்னால் விழுமா என்பதே சந்தேகம்.

"காகிதத்தில் வேண்டாம், எடை போட்டுப் பார்த்துடு" என்றேன். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் எடைமேடை இருக்கும். முன்ஆக்ஸில், பின்ஆக்ஸில் தனித்தனியாகச் சீட்டு கொடுப்பார்கள். குடும்பத்தோடு, டேங்க் நிரப்பிப் போனான். முன்ஆக்ஸில் 3,350, பின்ஆக்ஸில் 2,620, மொத்தம் 5,970. வண்டியின் மொத்த வரம்பு 7,050. மிச்சம் 1,080. காகிதக் கணக்கில் 1,170 இருந்திருக்க வேண்டும். 90 பவுண்டு எங்கே போனது? அவனே வாங்கி மாட்டிய தொட்டி மூடியும் கருவிப்பெட்டியும். தொழிற்சாலையில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அது தெரியாது.

ஆட்கள் நீங்கலாகக் கேம்பர் வகையறா மட்டும் 2,210. மூடியையும் பெட்டியையும் கழற்றினால்கூட இடம் 1,170-க்குத்தான்.

பெயர் 1917-இலிருந்து வந்த வழக்கம். விளம்பரத் தாள் கேம்பரை மட்டும் சொல்கிறது, பயணத்தைச் சொல்வதில்லை. கதவு ஸ்டிக்கர், பல பேர் செத்த பிறகு எழுதப்பட்ட வாக்கியம். மூன்றையும் சரிபார்க்க ஒரே வழி எடைமேடைச் சீட்டு. யாராவது கேம்பர் வாங்குவதாக இருந்தால், முதலில் குடும்பத்தோடு வண்டியை எடை போடுங்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பிய எடை லேபிளையும் ஈர்ப்பு மையப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கடைசியில்.

நண்பன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இந்தக் கோடைக்குப் பழைய கூடாரம்தான். எட்டடித் தொட்டி வைத்த ஒரு டன் வண்டி, பெட்ரோல் எஞ்சின், பழையதாகக் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கூடவே ஒரு குரல் செய்தி: "என் பொண்ணு கேக்குறாடா, 'அப்பா, நாம நாலு பேரும் லக்கேஜா'ன்னு."

ஆமாம் கண்ணு. வண்டிக்கு நாமெல்லாம் எடைதான். அதனால்தான் ஒவ்வொரு பவுண்டையும் எண்ண வேண்டியிருக்கிறது.